மலை சைக்கிள் வாங்கு கண்ணு, மலையை அப்புறம் பார்த்துக்கலாம்

வாங்கு கண்ணு, தாராளமா வாங்கு. யாரு வேண்டாம்னாங்க? கரண்டுல ஓடுற மலை சைக்கிள் இல்லாம நம்ம சேலத்து அம்மாபேட்டை இத்தனை நாள் எப்படி ஓடுச்சுன்னு எனக்கே இப்பத்தான் யோசனை வருது. மலைக்கும் இங்க பஞ்சமில்லை. குமரகிரி பக்கத்துலயே இருக்குது. மேல முருகன் இருக்காரு, ஏறிப்போகப் படிக்கட்டு இருக்குது. சைக்கிள்ல வந்தாத்தான் தரிசனம்னு அவர் இன்னும் சொல்ல ஆரம்பிக்கலை. ஜருகுமலை அந்தப் பக்கம், சேர்வராயன் இந்தப் பக்கம். அதுவும் போதலைன்னா பட்டைக்கோயில் போற வழியைப் பாரு. குழாய் போடத் தோண்டினது ஒரு மேடு, தோண்டினதை மூடினது ஒரு மேடு, மூடினது சரியில்லைன்னு மறுபடி தோண்டினது ஒரு மேடு. யாரு தோண்டினதுன்னு நான் சொல்ல மாட்டேன், வயசான காலத்துல எனக்கெதுக்கு வம்பு? முன்னாடி ஸ்பிரிங் வச்ச போர்க்கும் தடிச்ச டயரும் உனக்குத் தேவைதான். அதை மறுக்கலை.

நீ செல்போன்ல காட்டின படத்தையும் பார்த்தேன். ஒருத்தன் ஓடைத் தண்ணிக்குள்ள வண்டியை விட்டுக் கிழிச்சுக்கிட்டுப் போறான். தண்ணி ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு எகிறுது. அவன் மூஞ்சியில துளி வெசனம் இல்லை. எப்படி இருக்கும்? வண்டி அவனுது இல்லையே.

நான் தறிக்குழியில காலம் கழிச்சவன். எனக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்? வோல்ட் தெரியாது, லித்தியம் தெரியாது. ஓடுற பொருள் எதுவா இருந்தாலும் ஒருநாள் நிக்கும்னு மட்டும் தெரியும். நின்னா, அதை மறுபடி ஓட்டற சாமான் எவ்வளவு தூரத்துல இருக்குதுங்கறதுதான் என் கேள்வி. நாடா தேய்ஞ்சா நாடா இங்கயே கிடைச்சுது. விழுது போனா கட்டித்தர ஆள் அடுத்த தெருவுல. அச்சுல பல் வளைஞ்சா அச்சுக்காரர் வீடு கூப்பிடு தூரம். இந்தச் சீமையே அப்படிப் பழகின சீமைதான். நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டறாங்க, திருச்செங்கோட்டு ரிக் வண்டி நாடு பூரா போய் போர் போடுது. அந்த ரிக் முதலாளி ஒருத்தரைப் பிடிச்சு, வண்டி எடுக்கறப்ப முதல்ல என்னங்க விசாரிப்பீங்கன்னு கேட்டுப்பாரு. ராத்திரி ராஜஸ்தான்ல நடுக்காட்டுல நின்னா சாமான் எங்க கிடைக்கும்னு விசாரிப்பேங்கன்னுதான் சொல்லுவாரு. நீ கடைக்காரன்கிட்ட என்ன விசாரிச்ச? "ஆப் இருக்குதா?"ன்னு விசாரிச்ச. இருக்குது கண்ணு. ஆப்பு கண்டிப்பா இருக்குது.

பழைய சைக்கிளைப் பத்திப் பேசினா கிழவன் பெருமை பேசறான்னு நினைப்ப. பேசத்தான் போறேன். அம்பத்தூர்ல 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினாங்க, ஹெர்குலஸ் வந்துச்சு. சோனிபட்ல 1951-ல் அட்லஸ். லூதியானாவுல 1956-ல் ஹீரோ. ஊரு வேற, முதலாளி வேற, மேல ஒட்டின பொம்மை வேற. ஆனா பெரிய சைக்கிள்னா 28 அங்குலச் சக்கரம், ஒரே அளவு குண்டு, ஒரே மாதிரி காட்டர் பின், ஒரே பிரேக் கட்டை. ஹீரோவுக்கு வாங்கினது அட்லஸுக்கும் சேரும். அந்த அட்லஸ்காரன் 2020 ஜூன் 3-ந்தேதி சாகிபாபாத் ஆலையில வேலையை நிறுத்தினான். அன்னைக்குத்தான் உலக சைக்கிள் தினம், நல்ல நாள் பார்த்துத்தான் செஞ்சான். ஆலை நின்னுச்சே தவிர, ஓடிக்கிட்டிருந்த ஒரு அட்லஸ் சைக்கிளும் அதனால நிக்கலை. பெடலும் பிரீவீலும் எந்த மூலைக் கடையிலயும் தொங்குது.

இப்ப வெள்ளைக்காரன் சங்கதி ஒண்ணு கேளு. நெதர்லாந்துல வேன்மூஃப்னு ஒரு கம்பெனி. கரண்டு சைக்கிள்ல பேர் போனவன். பார்க்க அவ்வளவு அழகு, ஒரு ஒயர் வெளிய தெரியாது. சாமான் எல்லாம் தன் வண்டிக்குன்னே தனி அளவுல செஞ்சான். பூட்டுத் திறக்கறதும் போன்லதான். 2023 ஜூலையில திவால். வாங்கினவன் எல்லாம் போனைக் கையில வச்சுக்கிட்டு, சர்வர் நின்னா நம்ம வண்டி நமக்கே திறக்குமான்னு முழிச்சான். போட்டிக் கம்பெனிக்காரன் ஒருத்தன் பாவப்பட்டு, அந்தச் சாவியை எடுத்துப் பத்திரப்படுத்த ஒரு ஆப் செஞ்சு குடுத்தான். கொஞ்ச நாள்ல வேற ஒருத்தர் கம்பெனியை வாங்கினாங்க, அது வேற கதை. பணம் குடுத்து வாங்கின வண்டிக்குப் பங்காளி தயவுல சாவி வாங்கறது, நம்ம பாட்டன் காலத்துல இல்லாத வசதி.

சரி, நம்ம தெருவுக்கு வா. பையன் ஒருத்தன் போன வருஷம் வாங்கினான். எந்தக் கம்பெனின்னு கேக்காத, என் வாயில வராது. பின் சக்கரம் பஞ்சர். நம்ம பஞ்சர் கடைக்காரர்கிட்ட வந்துச்சு. அவரு லாரி டயரையே கழட்டி மாட்டறவரு. பழக்கதோஷத்துல வண்டியைத் தலைகீழாக் கவுத்தாரு. ஹேண்டில்பார் நடுவுல டிஸ்பிளே இருக்குதில்ல? அது நேராப் போய்க் கல்லுல உக்காந்துச்சு. "டிக்"னு ஒரு சத்தம். பஞ்சர் எங்கன்னு இன்னும் பார்க்கவே இல்லை, அதுக்குள்ள ஒரு செலவு முடிஞ்சுது.

அடுத்தது நட்டு. 18 எம்எம் ஸ்பேனர் வேணும். அதைத் தேடி எடுத்து வச்சுப் பார்த்தா, நட்டுக்கு நடுவுல, அச்சுக்குள்ள இருந்தே ஒரு கறுப்பு ஒயர் வெளிய வருது. மோட்டார் ஒயர். அதைக் கழட்டாம சக்கரம் வெளிய வராது. கனெக்டர் எங்கன்னா, பிரேமோட ஒட்டி பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கி வச்சிருக்கான். டேக்கை வெட்டினாரு. கனெக்டர் மேல சின்னதா அம்புக்குறி இருக்குது. ரெண்டு அம்பும் நேருக்கு நேர் பார்க்க, நேரா இழுக்கணும். உள்ள மெல்லிசா ஒன்பது ஊசி. கடைக்காரர் முறுக்கினாரு. அவரைக் குத்தம் சொல்லாத, உலகத்துல முக்கால்வாசி மூடி முறுக்கித்தான் திறக்குது. ரெண்டு ஊசி வளைஞ்சுது. ஊக்கு வச்சு நிமிர்த்தினாங்க.

ஒட்டி முடிச்சு மறுபடி மாட்டறப்ப ஒரு வாசரைத் திருப்பிப் போட்டுட்டாரு. அந்த வாசர்ல ஒரு பல் உண்டு, அது பிரேம்ல இருக்கற பிளவுக்குள்ள உக்காரணும். எதுக்குன்னு கேளு. மோட்டார் சக்கரத்தை முன்னுக்குத் தள்ளறப்ப, அச்சு பின்னுக்குத் திரும்பப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்தறது அந்தப் பல்லுதான். பல்லு வெளிய இருந்தா, அலுமினிய பிரேமோட பிளவை அச்சு கொஞ்சம் கொஞ்சமா அரைச்சு வட்டமாக்கிடும். ஒருநாள் முழுச் சுத்து சுத்தும், ஒயரையும் சேர்த்துச் சுருட்டிக்கும். நாலாம் நாள் அம்மாபேட்டை மெயின் ரோட்டுல சுருட்டிக்கிச்சு. ஆடி மாசம் குகைப் பகுதியில மாரியம்மனுக்கு வண்டி வேடிக்கை பார்க்க சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வரும். ஒயர் சுருட்டின அன்னைக்கு மெயின் ரோட்டுலயும் வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குக் குறைவில்லை.

இதுல பையன் மேல தப்பில்லை, கடைக்காரர் மேலயும் தப்பில்லை. ஒயரைப் பக்கவாட்டுல கொண்டுவந்து, கனெக்டரைக் கைக்கு எட்டற இடத்துல வச்சு, வாசரைத் திருப்பிப் போட முடியாதபடி செஞ்சிருக்கலாம். வரைபடம் போட்ட இன்ஜினியர் ஒருக்கா தன் கையால ரோட்டோரம் பஞ்சர் ஒட்டியிருந்தா அதைச் செஞ்சிருப்பாரு. அவரு கார்ல போறவரு.

டியூபையும் பார்த்துக்க. மலை சைக்கிளுக்கு 27.5, இல்லைன்னா 29 அங்குலம். நம்ம கடையில 28 தொங்குது, பையன்கள் ஓட்டற 26 தொங்குது. 27.5 கேட்டா, "நாளைக்கழிச்சு கொரியர்ல வரும் தம்பி"ங்கறாரு. சக்கரக் கம்பிக்கும் அதே பதில்தான். மோட்டார் இருக்கற குடம் பெருசு, அதனால கம்பி குட்டை, கோணலா வளைஞ்சு போய் ரிம்மைப் பிடிக்குது. வண்டி எடையும் ஜாஸ்தி. பின் சக்கரத்துல கம்பி ஒவ்வொண்ணா கழுத்துல அறும். அந்தக் குட்டைக் கம்பி எங்கயும் ரெடியாக் கிடைக்காது, வெட்டி மரை போட்டுத்தான் ஆகணும். ரெண்டு கம்பி அறுந்ததைக் கவனிக்காம ஓட்டினா அப்புறம் ரிம்மே எட்டுப் போட்டுடும்.

மத்ததெல்லாம் சின்னச் சமாச்சாரம். மட்கார்டு கிடையாது, மலைக்காரனுக்கு எதுக்கு மட்கார்டு? மழையில ஒருக்கா செவ்வாய்பேட்டை போய்ட்டு வா, பிடரியில இருந்து இடுப்பு வரைக்கும் சேத்துல ஒரே கோடு. ஸ்டாண்டு கிடையாது, போற இடமெல்லாம் சுவத்தைத் தேடு. கேரியர் கிடையாது, கல்யாணம் ஆனதும் பொண்டாட்டியை எங்க உக்கார வைப்பன்னு நான் கேக்கலை, உங்கம்மா கேப்பா.

தண்ணி விஷயம் மட்டும் பெருசு. அந்தப் படத்துல ஓடையில பாய்ஞ்சானே, அதே வண்டியோட வாரண்டி அட்டையை வாங்கிப் படி. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கணும், எழுத்து அவ்வளவு பொடிசு. "நீர் புகுந்து ஏற்படும் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது." ஓடையில போனவன் வேற டிபார்ட்மெண்டு, அட்டை எழுதினவன் வேற டிபார்ட்மெண்டு. ஐபி-ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க. முதல் இலக்கம் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. ஐபிஎக்ஸ் 4-ன்னா மேல தெறிக்கிற தண்ணியைத் தாங்கும், அவ்வளவுதான். ஐபி 67-ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரைமணி நேரம் முங்கினாலும் தாங்கணும். பேட்டரிக்கு 67 போட்டுட்டு டிஸ்பிளேவுக்கு 4 போட்டிருப்பான். நீ 67-ஐ மட்டும் மனசுல வச்சுக்கிட்டு ஏரித்தண்ணியில இறங்குவ. சார்ஜ் போடற ஓட்டைக்கு மூடியா ஒரு ரப்பர் துண்டு இருக்கும், அதுதான் முதல்ல பிய்ஞ்சு தொங்கும். சர்வீஸ்ல விட்டுப் பைப்பு வச்சு அடிச்சுக் கழுவினாலும் தண்ணி உள்ள போகும். ஈரத்துணி போதும்.

ஞாயித்துக்கிழமை ஏற்காடு போகத்தானே வாங்கறேங்கற? நல்லது. நீ என்ஜினியரிங் படிச்சவன், என் பேரனைப் போடச் சொன்ன கணக்கை நீயும் சரிபாரு. உன் எடை 75, வண்டி 25, ஆக 100 கிலோ. சேலம் கடல் மட்டத்துக்கு மேல சுமாரா 280 மீட்டர், ஏற்காடு சுமாரா 1,500. நூறு கிலோவை 1,200 மீட்டர் உசரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 327 வாட்-அவர் வேணும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா அதுக்குள்ள இருக்கறதே மொத்தம் 360. இதுல மோட்டார் சூடாக்கித் தொலைக்கறது ஒரு பங்கு, டயர் ரோட்டுல தேய்க்கறது ஒரு பங்கு. அட்டையில 60 கிலோமீட்டர் ஓடும்னு எழுதினவன் பொய் சொல்லலை கண்ணு. நாமக்கல் ரோட்டுல, எதிர்க்காத்து இல்லாத நாள்ல, நீயும் சேர்ந்து மிதிச்சா ஓடும். 20 கொண்டை ஊசி வளைவைப் பத்தி அவன்கிட்ட யாரும் கேக்கலை. நீயும் கேக்கலை.

இன்னொண்ணு, மோட்டார் குடத்துல இருந்தா ஏத்தத்துல அதுக்கு உசுரு போகும். வண்டி மெதுவா ஏறும், மோட்டார் சுத்து குறையும், கரண்டு ஏறும், சூடு ஏறும். உள்ள இருக்கற பல்சக்கரம் பல வண்டியில நைலான். வழுவழுன்னு ஆனப்புறம் மோட்டார் மட்டும் "உய்"னு கத்தும், சக்கரம் சும்மா நிக்கும். பெடல் கிட்ட மோட்டார் வச்ச வண்டியும் உண்டு. யமஹாக்காரன் 1993-லயே மிதிக்கற காலுக்கு உதவி செய்யற சைக்கிளை ஜப்பான்ல வித்தான், இப்ப பாஷ், ஷிமானோ எல்லாரும் செய்யறாங்க. மலைக்கு அதுதான் சரி, கியரையும் சேர்த்துப் பயன்படுத்திக்கும். ஆனா உன் காலும் மோட்டாரும் ரெண்டு பேரும் ஒரே செயினை இழுக்கறீங்க, செயினும் பல்லும் சீக்கிரம் தேயும். மோட்டார் பழுதானா பிரிச்சுப் பார்க்கற வேலை இல்லை, மொத்தமாக் கழட்டி வேற போடுன்னுதான் பெரும்பாலும் சொல்லுவான். வாரண்டி இருக்கற வரைக்கும் அது சுகம். வாரண்டி முடிஞ்ச மறுநாள் விலையைக் கேட்டா, தண்ணி குடிச்சுட்டுத்தான் அடுத்த கேள்வி கேப்ப.

எறங்கறப்ப பிரேக். மோட்டார் பிடிச்சு நிறுத்தும்னு நம்பாத, இந்த சைக்கிள்கள்ல அநேகமா அந்த வித்தை கிடையாது. நூறு கிலோவை இருபது வளைவுலயும் பிடிக்கப்போறது உன் சுண்டுவிரல் அகலத்துக்கு இருக்கற ரெண்டு ஜோடி பேட். அழுத்திப் பிடிச்சுக்கிட்டே எறங்கினா தட்டு சூடாகி, பேட் கண்ணாடியாட்டம் வழவழன்னு ஆகி, கீழ அடிவாரத்துல பிடிக்கவே பிடிக்காது. விட்டு விட்டுப் பிடி. அந்த பேட் எந்த வடிவம்னு பார்த்து ரெண்டு ஜோடி வாங்கிப் பெட்டியில போடு.

பேட்டரிக்கு வர்றேன், அதுதான் வண்டி விலையில பெரும்பங்கு. 36 வோல்ட்னா உள்ள பத்து வரிசை செல், நிக்கல் பட்டி வச்சுப் புள்ளி புள்ளியா வெல்டு அடிச்சிருப்பான். நம்ம பட்டுப் பாவுல ஆயிரக்கணக்கான இழை ஓடுது. ஒண்ணு அறுந்தா எச்சியைத் தொட்டு முடிச்சுப் போட்டுட்டு நெய்யறோம், சேலையில தெரியக்கூடத் தெரியாது. இந்தப் பாவுல பத்துல ஒரு வரிசை சோர்ந்து போனா, உள்ள உக்காந்திருக்கற பி.எம்.எஸ். பலகை மொத்தத் தறியையும் நிறுத்திடும். நிறுத்தறதும் நியாயம்தான், இல்லைன்னா சூடாகும். ஆனா முடிச்சுப் போட ஆள் இல்லை. தெருமுனையில செல் மாத்தித்தர்றேன்னு ஒருத்தன் சொல்லுவான், அவன்கிட்ட குடுக்காத. புது பேட்டரிதான் வாங்கணும். அதோட வெளிக்கூடு அந்த மாடல் பிரேமுக்குன்னே செஞ்சது. மாடல் நின்னுபோச்சுன்னா கூடும் நின்னுபோச்சு. அப்புறம் 25 கிலோ எடையில உனக்கு ஒரு சாதா சைக்கிள் கிடைக்கும், ஏத்தத்துல உடம்புக்கு நல்லது.

இனி சொல்றதுல கிண்டல் இல்லை. 2022 மார்ச்சுல வேலூர்ல, ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த கரண்டு ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில அப்பனும் மகளும் செத்துப்போனாங்க. அந்த ஏப்ரல்ல மட்டும் ஒகினாவா 3,215 வண்டியையும், பியூர் இ.வி. 2,000 வண்டியையும், ஓலா 1,441 வண்டியையும் திரும்ப வரவழைச்சுச் சோதிக்கறோம்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம்தான் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியைக் கெட்டியாக்கி, 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமா அமலுக்குக் கொண்டுவந்தாங்க. படுக்கற அறையிலயும், வெளிய ஓடற வாசல்படி ஓரத்துலயும் சார்ஜ் போடாத. தூங்கறப்ப போடாத. பக்கத்து வீட்டுச் சார்ஜரைக் கடன் வாங்காத. 36 வோல்ட் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர், 48-க்கு 54.6. ரெண்டுக்கும் ஒரே மாதிரி முனை வச்சு விக்கறவங்க இருக்காங்க, மாட்டினா உள்ள போயிடும். அந்தத் தப்பை எந்தத் தண்டனைச் சட்டத்துல சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியலை, சேர்க்கணும்.

"எனக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் பெரியப்பா"ன்னு நீ குதிச்ச. ஆமா, மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ இருந்தா அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. அதுல உள்ள சூட்சுமத்தையும் கேட்டுக்க. பழுதான மாடலைத் திரும்ப எடுத்துக்கன்னு அரசாங்கம் கம்பெனிக்குச் சொல்றதுக்கு மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ-ன்னு ஒரு பிரிவு 2019 திருத்தத்துல வந்துச்சு. அது மோட்டார் வாகனத்துக்கு. உன் வண்டிதான் மோட்டார் வாகனம் இல்லையே. ஆர்.டி.ஓ. உன்னைப் பிடிக்க மாட்டாரு, உனக்காக யாரையும் பிடிக்கவும் மாட்டாரு.

ஸ்கூட்டர்காரனுக்கு இருக்கற கூட்டம் உனக்கு இல்லைங்கறதையும் நினைச்சுக்க. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில பெரிய ஆலை போட்ட ஓலா வண்டியில முன் போர்க் ஒடியுதுன்னு நாடு பூரா கூச்சல் கிளம்புச்சு. 2023 மார்ச்சுல, வேணுங்கறவங்களுக்கு இலவசமா மாத்தித் தர்றோம்னு கம்பெனி அறிவிச்சுது. 2023 செப்டம்பர்ல இருந்து ஒரு வருஷத்துல அவங்க மேல 10,644 புகார் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்துச்சுன்னு, 2024 அக்டோபர்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் விட்டுச்சு. 99.1 சதவீதம் தீர்த்துட்டோம்னு கம்பெனி பதில் குடுத்துச்சு. எப்படியோ, பத்தாயிரம் பேர் கத்தினதால ஒரு பதிலாவது வந்துச்சு. மலை சைக்கிள் வாங்கினவன் அம்மாபேட்டையில ஒருத்தன், ஆத்தூர்ல ஒருத்தன். உங்க ரெண்டு பேர் கூச்சல் ஊத்துமலை தாண்டாது.

நம்மாளுங்கதான் இப்படின்னும் நினைக்காத. ஜப்பான் ஷிமானோ 1921-ல் ஆரம்பிச்ச கம்பெனி. ரெண்டு அலுமினியத் துண்டைப் பசை போட்டு ஒட்டிச் செஞ்ச கிராங்க் பிரிஞ்சு வருதுன்னு 2023 செப்டம்பர்ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் மட்டும் சுமார் 7,60,000 கிராங்கைச் சோதனைக்குக் கூப்பிட்டான். நூறு வருஷத்துக் கைப்பழக்கம் இருக்கறவனுக்கும் தப்பு வரும். அவன் கூப்பிட்டுப் பார்த்து மாத்திக் குடுத்தான் பாரு, அந்த இடத்துலதான் நல்ல கம்பெனிக்கும் கெட்ட கம்பெனிக்கும் வித்தியாசம் தெரியுது. தப்பே வராத வண்டி வேணும்னா, அது கேலண்டர் படத்துலதான் இருக்கும்.

கஸ்டமர் கேர்காரன்கிட்ட சண்டை போடாத. அந்தப் பிள்ளை மாசச் சம்பளத்துக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்குது, அது உன் அச்சைச் சுருட்டலை. போட்டோ எடு, ஓடறப்பவே வீடியோ எடு, எழுத்துல அனுப்பு. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுடாத, திருப்பி அனுப்பணும்னா அந்தப் பெட்டிதான் வேணும்பான். உங்கம்மா பரண்ல இடமில்லைன்னு சொன்னா என் வீட்டுப் பரண்ல வை. அதுக்கும் கம்பெனி மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடு. அப்புறமும் மசியலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீ குடியிருக்கற ஊர்லயே, சேலத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பழுது வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அசலா வடிவமைச்சதுலயே கோளாறுன்னா, பொருள் செஞ்சவன்தான் பொறுப்புன்னு அந்தச் சட்டத்துல தனி அத்தியாயமே இருக்குது. அதை வக்கீல் கிட்ட சொல்லு, அவரே மறந்திருப்பாரு.

சரி, பொழுது போச்சு, கடைக்குக் கிளம்பு. போனதும் கலரைப் பார்க்காத. வண்டியை நீயே கவுத்துப் பாரு, டிஸ்பிளே கல்லுல முட்டுதான்னு. பின் சக்கரத்தை என் முன்னாடி கழட்டி மாட்டுங்கன்னு கேளு. கடைக்காரப் பையனுக்கே அது தெரியலைன்னா, ரோட்டுல உனக்கு எப்படித் தெரியும்? பின்னால கியரைத் தாங்கற ஹேங்கர்னு ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கும். வண்டி சாய்ஞ்சா பிரேம் பிழைக்கட்டும்னு அது முதல்ல வளையும், அதுக்குத்தான் வச்சிருக்கான். பிரேமுக்குப் பிரேம் வடிவம் மாறும். ரெண்டு வாங்கிக்க. அப்புறம் பேட்டரி, கன்ட்ரோலர், டிஸ்பிளே, மோட்டார் ஒயர், இந்த நாலுக்கும் இன்னைக்கு என்ன விலை, எத்தனை நாள்ல வரும், எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்னு பில்லுக்குப் பின்னால எழுதி சீல் போட்டுக் கேளு. எழுதித் தந்தா வாங்கு, முதல் ரவுண்டு என்னையே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ, கேரியர் மட்டும் மாட்டிடு. "அதெல்லாம் ஆன்லைன்ல கிடைக்கும் சார்"னு சொன்னா, வண்டியையும் ஆன்லைன்லயே ஓட்டிக்கப்பான்னு சொல்லிட்டு வந்துடு.